ஹட்டன் மழையில் கூரை சோலார் சரிவருமா?

ஹட்டனில் சோலார் போட்டால் மின்சார சபை காசு தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது எந்தத் திட்டத்தில் சேர்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நெட் மீட்டரிங்கில் காசு கிடையாது. வீட்டுப் பாவனை போக மிஞ்சிய யூனிட் அடுத்த மாத பில்லில் கழியும். 2016இல் வந்த நெட் எக்கவுண்டிங்கில் மிஞ்சியதற்குக் காசு வரும். நெட் பிளஸ் என்றால் உற்பத்தி முழுவதையும் சபைக்கு விற்பது. வீட்டுப் பாவனைக்குத் தனி பில்.

ஆனால் நம்ம பக்கம் மே தொடங்கி செப்டெம்பர் வரை மழையும் மூடுபனியும்தான். (இந்த மழையை நம்பித்தானே 1950இல் லக்சபான நீர்மின் நிலையமே வந்தது!) பெப்ரவரி, மார்ச் வெயில்தான் கைகொடுக்கும். சோலார் பொருத்த வருகிறவர் கொழும்பு வெயிலுக்குப் போட்ட உற்பத்திக் கணக்கைக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்.

இன்னொன்று, கரண்ட் போனால் பெட்டரி இல்லாத சோலாரும் நின்றுவிடும். சோலார் மின்சாரம் வெளிக் கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு ஷொக் அடிக்கக்கூடாது என்று இன்வர்ட்டர் (சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) தானாகவே அணைந்துவிடும்.