புது உலகம் தந்தான் கொலோன்

கேள்வி: ஸ்பானிஷ் படிக்கும் என் மகளின் பாடத்தில் ‘ஆ காஸ்டியா இ ஆ லெயோன், நுவேவோ முண்டோ தியோ கொலோன்’ என்று ஒரு வாசகம் வருகிறது. ‘லெயோன்’ சிங்கம், ‘தியோ’ கடவுள் என்கிறாள். அப்படியானால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தால் பொருளே வரவில்லையே? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: இங்கே இரண்டுமே இல்லை அம்மா. லெயோன், காஸ்டியாவைப் (ஆங்கிலத்தில் காஸ்டில்) போலவே ஸ்பெயினின் பழைய அரசு ஒன்றின் பெயர். சிங்கத்துக்கும் அதே சொல் என்பதால்தான், 1493-இல் கொலம்பஸுக்கு அரச தம்பதி இசபெல்லாவும் பெர்டினாண்டும் வழங்கிய சின்னத்தில் காஸ்டிலுக்குக் கோட்டையும் லெயோனுக்குச் சிங்கமும் இருக்கின்றன. கடவுள் என்றால் ‘தியோஸ்’. ‘தியோ’ என்றால் ‘தந்தான்’. கொலோன், நம் கொலம்பஸேதான். முன்னால் நிற்கும் ‘ஆ’ நம் ‘-க்கு’.

‘காஸ்டிலுக்கும் லெயோனுக்கும் புது உலகம் தந்தான் கொலோன்.’ தமிழில் சொல் வரிசைகூட மாறவில்லை பாருங்கள், லெயோன்-கொலோன் இயைபும் தப்பித்தது. ஆங்கிலத்துக்கு எழுவாய் முன்னால் வந்தாக வேண்டும்: ‘டு காஸ்டில் அண்ட் லெயோன், கொலம்பஸ் கேவ் எ நியூ வேர்ல்ட்.’ இயைபு போய்விடும், வேறு வழியில்லை.

‘கேவ்’ வேண்டாம், ‘டிஸ்கவர்ட்’ என்று போடலாமே எனத் தோன்றும். போடக் கூடாது. வரலாற்றாசிரியர் ஒவியேதோ எழுதிவைத்த வடிவத்தில் ‘ஆயோ’, அதாவது ‘கண்டான்’ என்று இருக்கிறது. அங்கே ‘ஃபவுண்ட்’ சரி. ஆனால் செவில்லா பேராலயத்தில், 1539-இல் இறந்த கொலம்பஸின் மகன் எர்னாந்தோவின் கல்லறையில் இருப்பது ‘தந்தான்’தான்.

அந்தச் சொல்லை மழுப்பாமல் விடுவது முக்கியம். 1492 அக்டோபர் 12 அன்று கொலம்பஸ் இறங்கிய தீவில் மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். குவனஹானி என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள். கொலம்பஸோ அங்கே அரசக் கொடியை விரித்து, கூட வந்த எழுத்தரைச் சாட்சி வைத்து, தீவை மன்னர்களுக்கு உடைமை என்று அறிவித்து, சான் சால்வடோர் எனப் பெயரும் மாற்றிவிட்டார். யாருடையதையோ எடுத்து யாருக்கோ கொடுத்த கதை ‘தந்தான்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது. ‘கண்டுபிடித்தான்’ என்றால் அது மறைந்துபோகும்.

அப்புறம், பெர்டினாண்ட் ஆண்ட அரகான் ஏன் இதில் இல்லை என்று மகள் கேட்கலாம். புதிய நிலங்கள் இசபெல்லாவின் காஸ்டில் முடியோடுதான் சேர்க்கப்பட்டன. மொழிபெயர்ப்புக்குக் கீழே இதை ஒரு வரி அடிக்குறிப்பாக எழுதச் சொல்லுங்கள்.