பழைய ஸ்பீக்கர்கள்: வாசகர் கேள்வி, என் பதில்

கேள்வி: மாமா வைத்திருந்த ஏஆர்-3ஏ ஸ்பீக்கர் ஜோடி எனக்கு வந்தது. பக்கத்திலேயே நண்பரின் ஜேபிஎல் எல்100 ஜோடியை வைத்துக் கேட்டோம். ஏஆர், போர்வைக்குள்ளிருந்து பாடுவது மாதிரி இருந்தது. ஜேபிஎல்தான் உயர்ந்தது என்கிறார் நண்பர். உண்மையா? (கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, நீங்கள் இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரையும் நல்ல திடமாக இருப்பவரையும் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறீர்கள்.

ஏஆர்-3ஏ வந்தது 1967இல். அதன் முதுகில் இரண்டு திருகிகள் இருக்கும். ஒன்று நடு ஒலிக்கு, இன்னொன்று மேல் ஒலிக்கு. உள்ளே இருப்பவை கம்பி சுற்றிய பொட்டென்ஷியோமீட்டர்கள், அதாவது திருப்பினால் மின்தடை கூடிக் குறையும் உறுப்புகள். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றதால் அவற்றின் தொடுபகுதி பச்சை பூத்துப்போகும். அப்புறம் மின்சாரம் ட்வீட்டருக்கு (மேல் ஒலி தரும் யூனிட்) போவதே இல்லை, போனாலும் அரைகுறையாகப் போகும். என்னிடம் வந்த ஏஆர்-3ஏக்களில் பெட்டியைத் திறக்கும்போது இந்தக் கோளாறு இல்லாமல் இருந்தவை மிகக் குறைவு. மெல்லிய சத்தத்தில் பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு டோமின் (நடு, மேல் ஒலி தரும் குவிந்த பகுதி) அருகிலும் காதை வைத்துப் பாருங்கள். திருகியை மெதுவாகத் திருப்புங்கள். கரகரவென்று இரைந்து, திடீரென்று ட்வீட்டர் விழித்துக்கொண்டால் உங்கள் போர்வை எதுவென்று தெரிந்துவிடும். திருகியைக் கழற்றி, பச்சையைச் சுரண்டி, கான்டாக்ட் கிளீனர் போட்டுத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகும். மிகவும் அரித்துப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

சரி, அது ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது சத்தத்தின் அளவு. அதே ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), குமிழ் அதே இடத்தில் என்றால், எல்100 தெளிவாகவே உரக்கப் பாடும். ஏஆர் மூடிய பெட்டிக்குள் அடைத்த காற்றையே ஸ்பிரிங்காக வைத்து ஆழமான பாஸ் (கீழ் ஒலி) எடுக்கிற வகை. சின்னப் பெட்டியில் அந்த ஆழத்தை எடுப்பதற்கு அது கொடுக்கும் விலை, சத்தத்தில் குறைவு. ஒரு டெசிபெல் உரக்க ஒலிப்பதைக்கூட நம் காது ‘சத்தம் அதிகம்’ என்று எடுத்துக்கொள்ளாது, ‘தெளிவு அதிகம்’ என்று எடுத்துக்கொள்ளும். அதனால் பிங்க் நாய்ஸ் (கீழிலிருந்து மேல்வரை எல்லா ஒலியும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் அளந்து, இரண்டையும் அரை டெசிபெல்லுக்குள் கொண்டுவாருங்கள். கைபேசிச் செயலி போதும். நமக்கு வேண்டியது வித்தியாசம்தானே, துல்லியமான எண் இல்லையே.

இடமும் முக்கியம். இரண்டு ஜோடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு ஜோடி மூலைக்குள் போய்விடும், அதன் பாஸ் வீங்கும். அதே இடத்தில் மாற்றி மாற்றி வையுங்கள். முதுகு வலிக்கும், வேறு வழியில்லை. இன்னொன்று: ஏஆர்-3ஏ மின்தடை குறைந்த 4 ஓம் ஸ்பீக்கர். உங்கள் ஆம்ப் அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு என் அபிப்பிராயம் கேட்டால் சொல்கிறேன். இரண்டையும் பல வருடம் வைத்துக் கேட்டிருக்கிறேன். டிரம்ஸ், கிட்டார், முகத்துக்கு எதிரே நின்று பாடும் குரல் என்றால் எல்100. செல்லோ, டபுள் பாஸ், பெரிய அரங்கில் பதிந்த இசைக்குழு என்றால் ஏஆர். ராத்திரி நெடுநேரம் கேட்க நான் ஏஆரைத்தான் போடுவேன்.

கேள்வி: எங்கள் வீட்டு அட்வென்ட் ஸ்பீக்கரில், பாஸ் தரும் பெரிய யூனிட்டான ஊஃபரைச் சுற்றியிருந்த ஃபோம் தொட்டாலே மாவாக உதிர்கிறது. புது ஊஃபர் வாங்கிப் போட்டுவிடலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். உங்கள் ஊஃபருக்கு ஒன்றுமே ஆகவில்லை. கோன் (அசையும் கூம்பு), காந்தம், சுருள் எல்லாம் நன்றாகவே இருக்கும். அழிந்தது அந்த விளிம்பு மட்டும்தான். அந்த ஃபோம் பாலியூரித்தேன் வகை. காற்றிலுள்ள ஈரம் அதன் கட்டமைப்பை மெல்ல மெல்ல அறுத்துவிடும். பதினைந்து, இருபது வருடத்தில் இப்படி ஆகும். பாட்டே போடாமல் மூடிவைத்திருந்தாலும் ஆகும். உங்கள் தவறு எதுவும் இல்லை.

புது ஊஃபர் போட்டால், அந்தப் பெட்டியின் கனஅளவும் கிராஸ்ஓவரும் (ஒலியைப் பிரித்து அந்தந்த யூனிட்டுக்கு அனுப்பும் சுற்று) எந்த ஊஃபருக்காகக் கணக்கிடப்பட்டதோ அது போய்விடும். மிஞ்சுவது அட்வென்ட் இல்லை, அட்வென்டின் மரப்பெட்டி.

ஃபோம் விளிம்பு மட்டும் தனியாகக் கிடைக்கிறது. வாங்குமுன் அளவெடுங்கள். பழைய பெரிய அட்வென்டில் ஊஃபரைச் சுற்றி மேசோனைட் அட்டையில் ஒரு வளையம் இருக்கும். அதையும் சேர்த்து அளந்து 12 அங்குலம் என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. உண்மையில் அது 10 அங்குல ஊஃபர். கோனின் விட்டத்தையும், ஃபோமின் வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் இடத்தையும் தனித்தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: பழைய ஃபோம் கோனின் மேற்பக்கம் ஒட்டியிருந்ததா, அடிப்பக்கமா? சுத்தம் செய்தபிறகு அது தெரியாது.

வேலையில் முக்கால்வாசி சுத்தம் செய்வதுதான். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து ஊறவிட்டு, மழுங்கிய கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். காகிதக் கோன், அவசரப்பட்டால் கிழியும். ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கே போகட்டும்.

அப்புறம் ஒட்டுவது. முதலில் கோனோடு மட்டும் ஒட்டி, ஒரு நாள் காயவிடுங்கள். மறுநாள் வெளி விளிம்பு. இந்தக் கட்டத்தில்தான் கவனம் முழுக்க வேண்டும். சுருள் காந்த இடைவெளியின் சரியான நடுவில் நிற்க வேண்டும், அந்த இடைவெளியோ மிகச் சிறியது. இதற்காக நடு மூடியை வெட்டிக் காகிதக் கீற்றுகளைச் செருகுவோர் உண்டு. நான் மூடியை வெட்டுவதில்லை. ஊஃபரை ஆம்பில் இணைத்து, 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிக மெல்லிய அளவில் ஓடவிடுவேன். கோன் மெதுவாக மேலும் கீழும் போகும். பசை ஈரமாக இருக்கும்போதே விளிம்பை விரலால் அங்கே இங்கே நகர்த்தி, உரசல் துளியும் கேட்காத இடத்தில் நிறுத்துவேன். மணலைத் தேய்ப்பது போல ஒரு சத்தம் கேட்டால் நடு தவறியிருக்கிறது. பசை இறுகும்வரை பக்கத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள். பொறுமையாக இறுகும் வெள்ளைப் பசைதான் நல்லது. உடனே பிடிக்கும் பசையில் திருத்திக்கொள்ள நேரமே கிடைக்காது.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும்தான் கிழிந்திருக்கிறது என்றாலும் இரண்டையும் மாற்றுங்கள். ‘ரப்பர் போட்டால் நிரந்தரம்’ என்று யாராவது சொல்வார்கள். ரப்பர் கனம், விறைப்பும் வேறு. ஊஃபரின் அதிர்வெண்ணே இடம் மாறிவிடும். ஃபோம் இருந்த இடத்தில் ஃபோம்.

கேள்வி: பழைய ஸ்பீக்கர் என்றாலே கிராஸ்ஓவர் கெப்பாசிட்டர்களை (மின்தேக்கிகள்) எல்லாம் மாற்ற வேண்டும் என்கிறார்களே? (எலெக்ட்ரீஷியன்)

பதில்: அளக்காமல் மாற்றாதீர்கள். நான்-போலார் எலெக்ட்ரோலிடிக் (பாசிட்டிவ், நெகட்டிவ் பேதமில்லாத, உள்ளே ஈரமுள்ள) வகை என்றால் வயதாக ஆக உள்ளே காய்ந்து, மதிப்பு விலகி, உள்தடையும் ஏறும். பிளாஸ்டிக் படலத்தால் ஆன ஃபிலிம் வகை அநேகமாக அப்படியே இருக்கும். கெப்பாசிட்டரின் ஒரு கம்பி முனையைக் கழற்றிவிட்டு மீட்டரில் பாருங்கள். போர்டில் இருந்தபடியே அளந்தால் தப்புக் கணக்குதான் வரும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஒன்று நினைவில் இருக்கட்டும். ஒருமுறை ஒரு ஜோடியில் எலெக்ட்ரோலிடிக்குகளை எடுத்துவிட்டு, அதே மதிப்பில் உயர்ரக பாலிபுரொப்பிலீன் ஃபிலிம் வகை போட்டேன். ட்வீட்டர் கத்த ஆரம்பித்தது. இரண்டு நாள் ட்வீட்டரையே சந்தேகப்பட்டேன். காரணம் எளிது: புதியதில் உள்தடை ஏறக்குறைய இல்லை, பழையது புதிதாக இருந்தபோதே கொஞ்சம் தடையோடுதான் இருந்தது. வடிவமைத்தவர் அதையும் சேர்த்தே கேட்டுத் தேர்ந்திருக்கிறார். தொடரில் அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டேன், சத்தம் இறங்கிச் சரியானது. அன்றிலிருந்து எலெக்ட்ரோலிடிக் இருந்த இடத்தில் புது நான்-போலார் எலெக்ட்ரோலிடிக்கே போடுகிறேன். வோல்டேஜ் அதே அல்லது கூடுதலாக இருக்கட்டும். இரண்டு பெட்டியிலும் ஒரே நாளில் மாற்றுங்கள். கழற்றுமுன் படம் எடுங்கள்.

கேள்வி: எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் இவ்வளவு சின்னது, பாஸும் இல்லை. அதை ஏன் இத்தனை பேர் விரும்புகிறார்கள்? (புதிதாகக் கேட்கத் தொடங்கியவர்)

பதில்: அது வரவேற்பறைக்காகப் பிறந்ததே இல்லை. வெளி ஒலிபரப்பு வண்டிக்குள், இடநெருக்கடியில், பேச்சு இயல்பாக வருகிறதா என்று பார்க்க பிபிசியின் பொறியாளர்கள் உருவாக்கியது. உள்ளே இருப்பவை கேஇஎஃப் நிறுவனத்தின் பி110 ஊஃபர், டி27 ட்வீட்டர். தெரிந்த ஒருவரின் குரலைப் பதிந்து அதில் போட்டுக் கேளுங்கள், அப்போது புரியும். பழுதுபார்ப்பவர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். ட்வீட்டரைச் சுற்றியுள்ள தடித்த ஃபெல்ட் துணி அலங்காரம் இல்லை, பெட்டியின் ஓரத்தில் ஒலி சிதறாமல் தடுப்பது. பூச்சி அரித்திருந்தால் அதே தடிமனில் மாற்றுங்கள், எடுத்து எறியாதீர்கள். முதலில் வந்தவை 15 ஓம், பிற்பாடு வந்தவை 11 ஓம். ஒன்றின் கிராஸ்ஓவரை மற்றதில் போடக்கூடாது.

கேள்வி: யமஹா என்எஸ்-1000எம் ஸ்பீக்கரில் நடு ஒலி டோம் குழந்தை கைபட்டு நொறுங்கிவிட்டது. ஒட்டலாமா? (இல்லத்தரசி)

பதில்: தொடவே தொடாதீர்கள். அந்த டோம் பெரிலியம் என்ற உலோகம். அதன் தூள் நுரையீரலுக்குப் பெரிய கேடு. பெருக்க வேண்டாம், ஊத வேண்டாம், வாக்குவம் போட வேண்டாம். குழந்தையை அந்தப் பக்கம் விடாமல், ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுத்து, துணியோடு பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். இதைக் கையாளத் தெரிந்தவர் வரட்டும். முழு யூனிட்டாகத்தான் மாற்ற முடியும்.

கேள்வி: ஊஃபரில் பேட்டரி வைத்துப் பார்த்தேன். என் பழைய ஜேபிஎல்லில் கோன் உள்ளே போகிறது. வயர் மாறிவிட்டதா? (மெக்கானிக்)

பதில்: இல்லை. பழைய ஜேபிஎல் யூனிட்டுகள் அப்படித்தான், சிவப்பு முனையில் பாசிட்டிவ் கொடுத்தால் உள்ளே போகும். இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி உள்ளே போகிறதா என்று மட்டும் பாருங்கள். மாற்றிவிடாதீர்கள்.

கேள்வி: எல்லாம் செய்து முடித்தேன். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே மாதிரி ஆகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வங்கி ஊழியர்)

பதில்: இரண்டையும் முகத்தோடு முகம், ஒரு சாண் இடைவெளியில் நிறுத்துங்கள். ஆம்பை மோனோவில் போட்டு, ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் வயரைத் தலைகீழாக இணையுங்கள். சத்தத்தைக் குறைவாகவே வைத்துப் பாட்டைப் போடுங்கள். இரண்டும் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். பாஸ் காணாமல்போகும், குரல் தேய்ந்து, மேல் ஒலியில் மட்டும் ஏதோ சன்னமாக மிஞ்சும். அப்படியானால் ஜோடி சேர்ந்துவிட்டது. நடுவில் குரல் தெளிவாகக் கேட்டுக்கொண்டே இருந்தால், இரண்டில் ஒன்றின் நடு ஒலியில் இன்னும் வேலை பாக்கி. அதன் கிராஸ்ஓவரில், நடு ஒலிக்கான பாதையிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.