பர்ஸும் பிள்ளையும் (கடிதம்)

அன்புள்ள சார்,

போன மாசம் பாரிஸ் டூர் போயிருந்தோம். மெட்ரோல என் பர்ஸ் போயிடுச்சு. யார் எடுத்தாங்கன்னு பாக்கல, ஆனா கைடு "ஜிப்சிங்கதான், குழந்தையக்கூட தூக்கிட்டுப் போயிடுவாங்க, பத்திரம்"னு சொன்னார். அவங்க நம்ம நாட்டுல இருந்து போனவங்கதானே? அடுத்து போற நண்பர்கள எச்சரிச்சு வாட்ஸப்ல போடலாமா, தப்பா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

வெளியூர்ல பணம் தொலைஞ்சா வயித்துல புளியக் கரைக்கும், புரியுது. "மெட்ரோல பர்ஸ் பத்திரம்"னு போடுங்க, போதும். எடுத்தவன் மூஞ்சியே பாக்கல, இனம் மட்டும் எப்படிய்யா தெரிஞ்சுது?

நம்ம நாடான்னா, ஆமா, ஆயிரம் வருஷம் முன்னாடி வடமேற்கு இந்தியாவுல இருந்து கிளம்பினவங்க, தண்ணிய இன்னும் இந்தி மாதிரி "பானி"ன்னுதான் சொல்றாங்க. அதுக்கென்ன, சொந்தக்காரன்னாதான் மரியாதையா? விடுங்க. ரோமான்னு சொல்லிப் பழகுங்க, ஜிப்சிங்கிறது அவங்கள்ல பல பேருக்கு வசவு.

அந்தக் குழந்தை சமாச்சாரம்தான் என்னை உக்கார விடல. நாலு நாளா நானே அதையேதான் யோசிச்சிட்டிருந்தேன். 2013 அக்டோபர்ல கிரீஸ்ல, ஃபார்சலா பக்கம் ஒரு ரோமா குடியிருப்புல பொன்னிற முடியோட ஒரு சின்னப் பொண்ண போலீஸ் பாத்துச்சு, கடத்தல்னு உலகம் பூரா டிவில ஓடுச்சு. டி.என்.ஏ. பாத்தா பெத்தவங்களும் ரோமாதான், பல்கேரியாவுல. வளத்தவங்க கடத்தலைன்னு கோர்ட்டு தீர்ப்பு வர 2015 ஆயிடுச்சு, அதை எத்தன டிவி போட்டான்? அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள அயர்லாந்துல, டப்ளின்ல 7 வயசுப் பொண்ணு, அத்லோன்ல 2 வயசுப் பையன், ரெண்டு பேரையும் முடி வெளுப்பா இருக்குன்னு ரோமா பெத்தவங்க கையில இருந்து போலீஸ் தூக்கிட்டுப் போயிடுச்சு. அந்தப் பொண்ணோட அப்பா அம்மா பாஸ்போர்ட், பர்த் சர்டிஃபிகேட் எல்லாம் காட்டியும் நம்பல. டெஸ்ட் வந்துச்சு, அவங்கவங்க சொந்தப் பிள்ளைங்க.

எங்கப்பா அட்டக் கருப்பு, தங்கச்சி அம்மா மாதிரி எலுமிச்சை நிறம். நான் எட்டாவது படிக்கும்போது ஒரு பஸ் ஸ்டாண்டுல அவளத் தோள்ல போட்டுட்டு நின்னாரு. ஒரு அம்மா வந்து "யார் பிள்ளைய்யா இது?"ன்னுச்சு, கூட்டம் கூடிடுச்சு. "இது யாரு சொல்லு பாப்பா"ன்னு ஆளாளுக்கு கேக்க, அது பயந்து வாயே திறக்கல, அழுகை. அப்பா மஞ்சப்பைய அவங்க முன்னாடி கொட்டிக் காட்டினாரு. உள்ள ரெண்டு ஜட்டி, ஒரு பவுடர் டப்பா, பாதி கடிச்ச பன்னு. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் ஃபேமிலி போட்டோ இல்லாம வெளிய கிளம்ப மாட்டாரு.

சரி, நிஜமா பிள்ளை புடிச்சது யாரு? 18ஆம் நூற்றாண்டுல ஆஸ்திரிய ராணி மரியா தெரேசா, திருத்துறேன்னு சட்டம் போட்டு ரோமா பிள்ளைங்களப் பிடுங்கி விவசாயக் குடும்பங்கள்ல வளக்க விட்டா. அதெல்லாம் பழங்கதைன்னு சொல்லாதீங்க, சுவிட்சர்லாந்துல 1926லேருந்து 1973 வரைக்கும் யெனிஷ்னு இன்னொரு நாடோடி மக்கள், அவங்ககிட்ட இருந்து சுமார் 600 பிள்ளைங்கள ஒரு குழந்தை நல அமைப்பே பிரிச்சிருக்கு, அரசாங்க ஆதரவோட. அந்த ஊருக்கும் கைடு கூட்டிட்டுப் போனாரா? இதைச் சொல்லியிருக்க மாட்டாரே.

எங்கயோ போயிட்டேன். கார்டெல்லாம் பிளாக் பண்ணிட்டீங்கல்ல?