ஒட்டிய கண்ணாடியை உடையாமல் எடுப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

என்னிடம் இருப்பது பழைய கார். பின்கதவுக்குப் பின்னால் திறக்க முடியாத சின்னப் பக்கக் கண்ணாடி ஒன்று, பசை போட்டு ஒட்டியது. அதன் கீழ் ஓரத்தில் துரு பிடித்துப் பெயின்ட் பொங்கிக்கொண்டு வருகிறது. கண்ணாடியை எடுத்தால்தான் துருவைச் சுரண்ட முடியும். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் "எடுத்தா உடையும், நாங்க பொறுப்பில்ல" என்கிறார்கள். புதிய கண்ணாடி இப்போது எங்கும் கிடைப்பதில்லை. ஹீட் கன் வைத்துப் பார்த்தேன், தின்னர் ஊற்றிப் பார்த்தேன், பசை அசையவில்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வந்துவிடும் போல இருக்கிறது, ஆனால் பயமாகவும் இருக்கிறது. வீட்டிலேயே எடுக்க வழி உண்டா? முன்பக்கக் கண்ணாடியையும் இப்படி எடுக்கலாமா?

ர.

அன்புள்ள ர.,

வழி உண்டு. அந்தப் பயம் நியாயமானது, ஸ்க்ரூடிரைவரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஒட்டிய கண்ணாடியை நெம்பி எடுக்கக் கூடாது, பசையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வீட்டில் உடைகிற கண்ணாடிகளில் பெரும்பாலானவை அவசரப்பட்டு நெம்பியதால் உடைந்தவைதான்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு கண்ணாடியாக இருக்கும், மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். அறுநூறு டிகிரிக்கு மேல் சூடாக்கிக் காற்றடித்துச் சட்டென்று குளிர வைத்தது அது. மேல்தோல் முதலில் இறுகிவிடும், நடுப்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கப் பார்க்கும், அதனால் மேல்தோல் எப்போதும் அமுக்கத்திலும் நடு எப்போதும் இழுவிசையிலும் இருக்கும். நடுவில் கையால் குத்தினால்கூடத் தாங்குகிற அதே கண்ணாடி, விளிம்பில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்து அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் மொத்தமாகப் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் நுனி போய் உட்காருகிற இடம் அந்த விளிம்புதானே.

ஹீட் கன்னும் தின்னரும் ஏன் வேலைக்கு ஆகவில்லை என்றால், அந்தப் பசை யூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகி ரப்பராகிவிடும், அதன் பிறகு சூட்டில் உருகாது, தின்னரில் கரையாது. தின்னர் உங்கள் பெயின்ட்டைத்தான் தின்னும். ஹீட் கன் ஒரே இடத்தைச் சூடாக்கி, பக்கத்து இடம் குளிர்ந்தே இருந்தால் விரிசல்தான் மிச்சம். வெயிலில் கார் நின்று எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருந்தால் ரப்பர் கொஞ்சம் இளகி அறுக்கச் சுலபமாக இருக்கும், அந்த அளவு சூடு போதும். சில பழைய கார்களில் பியூட்டைல் என்று தார் மாதிரி ஒட்டும் பட்டை போட்டிருப்பார்கள், அது மட்டும் சூட்டுக்கு நன்றாகவே இளகும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் அப்படியே நின்றால் பியூட்டைல், திரும்ப எழும்பினால் யூரித்தேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் உள்பக்க டிரிம்மை, அதாவது கண்ணாடியைச் சுற்றி உள்ளே மூடியிருக்கும் பிளாஸ்டிக் பலகையை, கழற்றுங்கள். டிரிம்முக்குள் ஏர்பேக் இருக்கிற காராக இருந்தால் அதற்கு முன்பே பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். டிரிம் வந்ததும் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சில பக்கக் கண்ணாடிகளுக்குப் பசை தவிர நட்டும் கிளிப்பும் உண்டு, பிளாஸ்டிக் விளிம்பிலிருந்து நீண்டு பாடிக்குள் போயிருக்கும். அதைப் பார்க்காமல் பசையை மட்டும் அறுத்துவிட்டு, ஏன் வரவில்லை என்று இழுத்தால் அந்த மூலையில்தான் உடையும். ஆன்டெனா ஒயரோ, கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கும் டீஃபாகர் ஒயரோ இருந்தால் கழற்றிவிடுங்கள். சுற்றிலும் பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள்.

அறுப்பதற்குக் கண்ணாடி வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் முறுக்குக் கம்பி வேண்டும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமன். அது கிடைக்காவிட்டால் பியானோ கம்பி. கையில் சுற்றிக்கொண்டு இழுக்காதீர்கள், சதையை அறுத்துவிடும், இரண்டு முனைக்கும் ஒரு கட்டைத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். தடித்த கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம்.

ஒரு மெல்லிய கூரான கம்பியால் உள்ளிருந்து பசையை மட்டும் துளையுங்கள், மூலையில் அல்ல, நேரான பக்கத்தின் நடுவில், கண்ணாடிக்கு இணையாக, திருகாமல். அறுக்கும் கம்பியை அதன் வழியே விட்டு, ஒருவர் பின்சீட்டில், ஒருவர் வெளியே. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தொய்யாமல் விட்டுக் கொடுக்க வேண்டும். நீளமாக, மெதுவாக. வேகமாக ரம்பம் போல இழுத்தால் கம்பி சூடாகிப் பசை பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும், கம்பியும் அறுந்துபோகும். கருகல் வாடை வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம், நிறுத்தி ஆறவிட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்துத் தொடருங்கள். கம்பி கண்ணாடியின் உள்முகத்தை ஒட்டிப் படுத்தாற்போல நகர வேண்டும். அப்படிப் போனால் பாடியின் பெயின்ட் தப்பும், பசை பாடியிலேயே தங்கும், அது பிறகு உதவும். ஆனால் வெளியே இருப்பவர் கம்பியைக் கண்ணாடியின் விளிம்பின் மேல் மடக்கி இழுக்கவே கூடாது. மூலைகளில் சின்னச் சின்ன இழுப்பாக, திசையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு போங்கள், அதிக நேரம் அங்கேதான் ஆகும், ஆகட்டும்.

மூன்று பக்கம் அறுந்தவுடன் கண்ணாடி ஆடும், கை அரிக்கும், தூக்கிப் பார்ப்போமே என்று தோன்றும். அப்போதுதான் நிறைய கண்ணாடிகள் போகின்றன, ஒட்டியிருக்கிற மிச்சப் பக்கத்தைச் சுற்றி அது வளைகிறது. கடைசி அங்குலம் அறும்வரை வெளியே ஒருவர் உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு நிற்கட்டும், அல்லது சக்‌ஷன் கப் ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். எடுத்த கண்ணாடியை வெறும் தரையில் விளிம்பு படும்படி வைக்காதீர்கள், கீழே போர்வை விரித்துச் சாய்த்து வையுங்கள்.

திரும்ப ஒட்டுவதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். துரு இல்லாத இடத்தில் பழைய பசையை மொத்தமாகச் சுரண்டாமல், புதுப் பிளேடால் சீவி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டுவிடுங்கள், புதிய யூரித்தேன் அந்தப் புதுச் சீவலில் நன்றாகப் பிடிக்கும். சோப்புத் தண்ணீர் பட்ட பரப்பும் அந்தச் சீவலோடு போய்விடும். சீவிய பிறகு கை வைக்காதீர்கள். துருவை எடுத்த இடத்தில் தகரம் பளிச்சென்று தெரியும், அங்கே அந்தப் பசைக்குரிய பிரைமர் போடாமல் ஒட்டினால் அடியிலேயே மறுபடி துரு வரும். கண்ணாடியைச் சுற்றி உள்ள கறுப்புப் பட்டையைப் பிளேடால் கீறிவிடாதீர்கள், பசை வெயிலில் கெடாமல் காப்பது அதுதான். சிலிகான் வேண்டவே வேண்டாம். புளிப்பு வாடை அடிக்கிற வகை தகரத்தை அரிக்கும், எந்த வகையானாலும் அதன் எச்சம் பட்ட இடத்தில் அப்புறம் யூரித்தேன் சரியாக ஒட்டாது.

முன்பக்கக் கண்ணாடி வேறு விஷயம். அது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் வைத்தது, பொடியாகாது, ஆனால் விளிம்பில் தொடங்கிய விரிசல் சரசரவென்று குறுக்கே ஓடிவிடும். ஏற்கெனவே கல் பட்ட தெறிப்பு இருந்தால் அது முழுசாக வரும் என்று நம்பாதீர்கள். எடுக்கிற முறை இதேதான். ஆனால் திரும்ப ஒட்டுவதை வீட்டில் செய்யாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்வேன். கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அந்தக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு, பல கார்களில் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கான ஏர்பேக் அதன் மேல் முட்டித்தான் ஆளை நோக்கி விரியும். பசை ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்பது விபத்தின்போதுதான் தெரியவரும்.

பக்கக் கண்ணாடியை ஒட்டிய பிறகு, டியூபில் எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறதோ அதுவரை காரை எடுக்காதீர்கள், குளிரும் வறட்சியுமான நாளென்றால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாள் ஏதாவது ஒரு கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியே வையுங்கள். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அறைந்து சாத்தினால் உள்ளே அடைபட்ட காற்று புதுப் பசையோடு கண்ணாடியை வெளியே தள்ளிவிடும்.