குறிப்பில் எழுத்து குறைகிறதா? அங்கேயே நில்லுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தமிழ் வகுப்பு, நம் முன்னோரின் முதல் கப்பல் வந்து சேர்ந்த நவம்பர் 16-ஐ ஒட்டி ஒரு மலர் வெளியிட்டது. அதில் 11-க்கு 11 கட்டத்தில் மறைகுறிப்புக் குறுக்கெழுத்து ஒன்று. உள்ளே ஒரு கருப்பொருள் ஒளிந்திருக்கிறதாம். தலைப்பில் ஒரே ஒரு வரி: “மூலை முடுக்கெல்லாம் தேடிக் குற்றவாளியைப் பிடியுங்கள்.” மூன்று வாரமாக நானும் பேரனும் உட்கார்ந்திருக்கிறோம். கரும்பு, சர்க்கரை, கொய்யா, டர்பன் என்று விழுந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோரைப் பற்றியது என்று நினைத்தோம். பிறகு சிலம்பு, மேகலை, வளை, குண்டலம் வந்தன. சரி, நகைதான் என்று முடிவு கட்டி, ஐந்தெழுத்து இடத்தில் மூக்குத்தி என்று எழுதினோம். அதன் நடுக் கட்டத்திலிருந்து இறங்கும் மூன்றெழுத்துச் சொல் இப்போது எதற்கும் பொருந்தவில்லை. போதாததற்கு வளை, குண்டலம் இரண்டின் குறிப்பிலும் எழுத்து குறைகிறது. அச்சுப் பிழையா? கருப்பொருளை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

பதில்: அம்மா, அச்சுப் பிழை இல்லை. நீங்கள் பிழை என்று ஒதுக்கி வைத்த அந்த இரண்டு குறிப்புகள்தான் இந்தப் புதிரின் வாசல். நீங்கள் அனுப்பிய படத்தையும் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தேன். புதிரை அமைத்தவர் யாராக இருந்தாலும் என் வணக்கம் அவருக்கு.

அடிப்படையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பேரனுக்கு உதவும். மறைகுறிப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதி உண்டு. ஒரு முனையில் விடையின் நேரான பொருள் இருக்கும். மிச்சமெல்லாம் அந்த விடையை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழி. எது எங்கே பிரிகிறது என்பதை வாக்கியத்தின் ஓட்டம் மறைத்துவிடும். உங்கள் புதிரிலிருந்தே பாருங்கள்: “மாதத்தோடு நாட்டியம் போன்றதும் இடையில் இருக்கும் (3)”. ‘இடையில்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பழகியவர்கூட ஒன்றின் நடுவே இன்னொன்றைச் செருகப் பார்ப்பார். அப்படிச் செருகினால் எதுவும் வராது. இங்கே இடை என்பது இடுப்பு. மாதம் மே, நாட்டியம் போன்றது கலை, இடுப்பில் இருப்பது மேகலை. “பலவல்ல, முனை முறிந்த கணை காலில் ஒலிக்கும் (4)” என்பதும் இதே மாதிரி. பலவல்ல என்றால் சில, கணை என்றால் அம்பு, அதன் முனையை முறித்தால் ‘ம்பு’, சேர்ந்தால் சிலம்பு. புள்ளி வைத்த மெய்யும் ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்ளும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இதுவரை நீங்களே வந்துவிட்டீர்கள். இனிமேல்தான் கருப்பொருள் வேலை, அதற்கு வேறு ஒழுக்கம் வேண்டும். என் நோட்டில் ஒவ்வொரு புதிருக்கும் ஓரத்தில் ஒரு கோடு கிழித்து வைப்பேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் ‘மிச்சம்’, அந்தப் பக்கம் ‘குறை’. குறிப்பில் விடைக்குத் தேவைப்படாத சொல்லோ எழுத்தோ இருந்தால் மிச்சத்தில் போகும். விடையில் இருந்து குறிப்பில் இல்லாதது குறையில் போகும். சாதாரணப் புதிரில் இரண்டு பக்கமும் காலியாகவே இருக்கும். கருப்பொருள் புதிரில் ஏதாவது ஒரு பக்கம் நிரம்பும். நிரம்பியதைப் படித்துப் பார்க்காமல் கருப்பொருளை ஊகிப்பது, கடிதத்தைப் பிரிக்காமல் உறையைப் பார்த்துப் பதில் எழுதுவது போல.

உங்கள் வழக்குக்கு வருவோம். 7, மேலிருந்து கீழ்: “நாளை முடிந்தால் கைக்கு அழகு (2)”. நாளை என்ற சொல்லின் முடிவு ‘ளை’. கைக்கு அழகு வளை. ‘வ’ எங்கே? குறிப்பில் இல்லை. அதைக் குறையில் எழுதுங்கள். 19, இடமிருந்து வலம்: “வாலறுந்த அடியாட்கள் காதில் தொங்கும் (5)”. அடியாட்கள் குண்டர், வாலை அறுத்தால் ‘குண்ட’. காதில் தொங்குவது குண்டலம். ‘லம்’ இல்லை. அதையும் குறையில் எழுதுங்கள். இப்போது எண் வரிசைப்படி குறையை மட்டும் படியுங்கள்: வ, லம். வலம்.

அதை அப்படியே வைத்திருங்கள், வருகிறேன்.

மூக்குத்தியை அழித்துவிடுங்கள். அந்தக் குறிப்பு என்ன சொல்கிறது? “கொட்டாத நேரம் கேட்டதெல்லாம் கொடுக்கும் (5)”. இதில் மூக்கும் இல்லை, முகமும் இல்லை. கருப்பொருள் நகை என்ற எண்ணம் குறிப்பைப் படிக்கவே விடவில்லை. கருப்பொருள் புதிரில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். ஊகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, குறிப்பு கட்டித் தராத சொல்லைப் பேனாவில் எழுதக் கூடாது, பென்சிலில் இலேசாக எழுதுங்கள். கொட்டாத என்றால் சிந்தா, நேரம் என்றால் மணி. கேட்டதெல்லாம் கொடுக்கும் தெய்வமணி சிந்தாமணி. நடுக் கட்டம் ‘தா’ ஆகிறது. அங்கிருந்து இறங்கும் குறிப்பு: “கொடு, மெய்யாய்க் கொடு என்பவர் பாட்டியின் துணைவர் (3)”. தா, ஒரு மெய்யெழுத்து, மறுபடி தா. எந்த மெய் என்று சொல்லாமல் விட்டது எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் பாட்டியின் துணைவர் வேறு யாராக இருக்க முடியும்? தாத்தா.

இப்போது ஐந்தையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள்: சிலம்பு, மேகலை, சிந்தாமணி, வளை, குண்டலம். நகைகளைக் கொஞ்சம் மறந்துவிட்டு, அவை எந்தப் பெயர்களின் துண்டுகள் என்று பாருங்கள். சிலப்பதிகாரம், மணிமேகலை, சீவக சிந்தாமணி, வளையாபதி, குண்டலகேசி. ஐம்பெருங்காப்பியங்கள். தமிழன்னைக்கு இந்த ஐந்தையும் அணிகலனாகப் பூட்டிப் பேசுவது நம் வழக்கம்தானே. ஒன்று மட்டும் பேரனிடம் சொல்லுங்கள்: குண்டலகேசி என்ற பெயரில் வரும் குண்டலம் உண்மையில் காதணி அல்ல. சுருண்ட கூந்தலை உடையவள் என்பது அதன் பொருள்.

எண்ணிக்கை நிலையான தொகுதியைத் தேடுங்கள் என்று நான் எப்போதும் சொல்வது இதற்காகத்தான். நகை என்றால் ஒட்டியாணமும் வரலாம், கடுக்கனும் வரலாம், அதற்கு எல்லை இல்லை. நல்ல அமைப்பாளர் எல்லையில்லாத கருப்பொருளை எடுப்பதில்லை. ஐந்திணை, ஐம்பெருங்காப்பியம், எட்டுத்தொகை மாதிரி, முடிந்துவிட்டது என்று உங்களுக்கே தெரியும் ஒன்றைத்தான் எடுப்பார்.

சிந்தாமணியும் தாத்தாவும் ஒரே எழுத்தில் சந்திப்பது தற்செயலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் 1887-இல் முதலில் பதிப்பித்த காப்பியம் சீவக சிந்தாமணி. 1892-இல் சிலப்பதிகாரம், 1898-இல் மணிமேகலை. மற்ற இரண்டும் முழுதாக யாருக்கும் கிடைக்கவில்லை. வளையாபதியில் இன்று நம்மிடம் இருப்பவை 72 பாடல்கள், அவற்றிலும் பெரும்பாலானவை புறத்திரட்டு என்னும் தொகை நூலில் ஒட்டிக்கொண்டு பிழைத்தவை. குண்டலகேசியில் 19. இப்போது உங்கள் கட்டத்தைப் பாருங்கள். முழுதாகக் கிடைத்த மூன்றின் குறிப்புகளில் ஓர் எழுத்தும் குறையவில்லை. தொலைந்த இரண்டின் குறிப்புகளில்தான் குறைகிறது. இதை உணர்ந்தபோது என் கை சிறிது நேரம் எழுதவே இல்லை.

சரி, குற்றவாளி? இங்கே தலைப்பு வரியை எப்படிப் படிப்பது என்று சொல்ல வேண்டும். அரௌகேரியா என்ற பெயரில் புதிர் அமைத்த ஜான் கிரகாம் என்ற ஆங்கிலப் பாதிரியார், கார்டியன் நாளிதழில் பல பத்தாண்டுகள் எழுதியவர். 2013 ஜனவரியில் வந்த ஒரு புதிரின் தலைப்பில், தமக்கு இந்த எண்ணில் இருப்பது வந்திருக்கிறது, அதற்கு இந்த எண்களில் இருப்பது சிகிச்சை என்று சொல்லியிருந்தார். நிரப்பியவர்கள் கண்டது உணவுக்குழாய்ப் புற்றுநோய், வலி தணிக்கும் பராமரிப்பு என்ற சொற்களை. தம் நோயை அவர் வாசகர்களுக்குச் சொன்ன விதம் அது. அந்த ஆண்டு நவம்பரில் காலமானார். அன்றிலிருந்து தலைப்பு வரியில் ஒரு சொல்லையும் நான் அலங்காரமாக எடுத்துக்கொள்வதில்லை.

“மூலை முடுக்கெல்லாம்” என்பது பேச்சு வழக்கு என்று தாண்டிப் போய்விட்டீர்கள். மூலை என்றால் மூலைதான், நான்கு மூலை. எந்த வரிசையில் படிப்பது? அதற்குத்தான் ‘வலம்’. குறுக்கெழுத்தில் ‘இடமிருந்து வலம்’ என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வலப்பக்கம் என்று தோன்றும். கோயிலில் வலம் வருகிறோமே, அந்த வலம் இது. இடது மேல் மூலையில் தொடங்குங்கள். கரும்பின் முதல் எழுத்து ‘க’. வலது மேல் மூலையில் சர்க்கரையின் கடைசி எழுத்து ‘ரை’. கீழே இறங்கினால் கொய்யாவின் ‘யா’. அங்கிருந்து இடது கீழ் மூலையில் டர்பனின் ‘ன்’.

கரையான்.

ஓலைச் சுவடிகளைத் தின்றவன். குறிப்புகளிலிருந்து ‘வ’வையும் ‘லம்’மையும் தின்றவனும் அவனே.

கரும்பும் சர்க்கரையும் உங்களை ஏமாற்றியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1860 நவம்பர் 16-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்ததை நினைத்து வெளியிட்ட மலரில் அந்தச் சொற்களைப் பார்த்தால் யாருக்கும் தோட்டம்தான் நினைவுக்கு வரும். அதைத் தெரிந்தே மூலைகளுக்கு அந்தச் சொற்களைத் தேர்ந்திருக்கிறார். சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: நான்கும் கட்டத்தின் ஓரத்திலேயே நின்றன, நடுவில் ஒன்றுகூட இல்லை. அடுத்த புதிரில் ஓரங்களையும் மூலைகளையும் மூலைவிட்டங்களையும் கடைசியில் ஒருமுறை தனியாகப் படித்துப் பாருங்கள். ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற அமெரிக்க ஓவியர் தம் கோடுகளுக்குள் மகள் நீனாவின் பெயரை மறைத்து வரைவார். அதனால் ஆங்கிலத்தில் புதிர் போடுபவர்கள் இப்படி ஓரத்தில் ஒளியும் செய்தியை நீனா என்றே அழைக்கிறார்கள்.

விடையை அனுப்பும்போது கட்டத்தின் கீழ் மூன்றையும் எழுதுங்கள்: கருப்பொருள் ஐம்பெருங்காப்பியங்கள், குறைந்த எழுத்துகள் வலம், குற்றவாளி கரையான். மூக்குத்தியைப் பேனாவில் எழுதியிருந்தால் புதுக் கட்டம் ஒன்றை நகலெடுத்துக்கொள்ளுங்கள். குண்டலகேசியின் 19 பாடல்களையும் ஒரே உட்காரலில் படித்துவிடலாம், பேரனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.