பகடையை யாரும் பார்க்கவில்லை, பொய் எப்படித் தெரிந்தது?

கேள்வி: உளவியல் சோதனைகளில் ஆளைத் தனியாக உட்காரவைத்துப் பகடை உருட்டச் சொல்கிறார்கள். விழுந்த எண்ணை அவரே சொல்லிப் பணம் வாங்கிக்கொள்ளலாம், யாரும் சரிபார்ப்பதில்லை. அப்புறம் 'இத்தனை சதவீதம் பேர் பொய் சொன்னார்கள்' என்று எழுதுகிறார்கள். பார்க்காமலே எப்படித் தெரியும்? இதையெல்லாம் நம்பலாமா?

பதில்: யார் பொய் சொன்னார் என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. மொத்தக் கூட்டத்தில் எவ்வளவு பொய் கலந்திருக்கிறது என்று மட்டும்தான் கணக்குப் போடுகிறார்கள்.

சுவிட்சர்லாந்தில் ஃபிஷ்பாக்கர், ஃபோல்மி-ஹூசி இருவரும் செய்து 2013-இல் வெளியான சோதனையைப் பாருங்கள். 1 முதல் 5 வரை எந்த எண்ணைச் சொன்னாலும் அத்தனை பிராங்க் கிடைக்கும், 6 என்றால் ஒன்றும் கிடையாது. ஒழுங்காகப் பார்த்தால் ஒவ்வொரு எண்ணும் ஆறில் ஒரு பங்கு, அதாவது கிட்டத்தட்ட 17 சதவீதம் வரவேண்டும். ஆனால் 5 என்று சொன்னவர்கள் சுமார் 35 சதவீதம், 6 என்று சொன்னவர்கள் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். காசே வராத 6-ஐப் பொய்யாகச் சொல்ல யாருக்கும் காரணமில்லை, ஆகவே அவர்கள் உண்மை பேசியவர்கள். நேர்மையானவர்களிலும் ஆறில் ஒருவருக்குத்தான் 6 விழுந்திருக்கும் என்பதால் அந்தப் பங்கை ஆறால் பெருக்கினால், முழு நேர்மையாளர்கள் சுமார் 39 சதவீதம் என்று வந்துவிடுகிறது.

என்னை யோசிக்க வைத்தது 4 தான். அதைச் சொன்னவர்களும் 27 சதவீதம். பொய் என்று முடிவான பிறகு 5 என்றே சொல்லியிருக்கலாமே, யார் கேட்கப் போகிறார்கள்? அப்படியும் சிலர் ஒரு பிராங்கை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். தன்னை ஓரளவாவது நேர்மையானவராக நினைத்துக்கொள்ளும் ஆசை என்பது ஆய்வாளர்களின் விளக்கம், எனக்கும் அது சரியாகவே படுகிறது.

ஆனால் 5 என்று சொன்ன ஒருவரைப் பிடித்து 'நீ பொய்யன்' என்று சொல்ல முடியாது, நிஜமாகவே அவருக்கு 5 விழுந்திருக்கலாம். வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பரீட்சையாக வைக்கலாம் என்று யாராவது கிளம்பினால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

நம்பலாமா என்றால், அளக்கும் முறையை நம்பலாம். இதேபோன்ற 90 சோதனைகளை, 44,000-க்கும் மேற்பட்டவர்களின் பதில்களை, ஆபெலர் குழுவினர் 2019-இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பொய் சொல்லிக் கிடைத்திருக்கக்கூடிய லாபத்தில் முக்கால் பங்கை மக்கள் சராசரியாக வேண்டாமென்று விட்டிருக்கிறார்கள்!

பொய்யைக் குறைக்க வழி கண்டுபிடித்துவிட்டோம் என்று வரும் செய்திகளிடம்தான் எச்சரிக்கை வேண்டும். பைபிளில் வரும் பத்துக் கட்டளைகளை நினைவுபடுத்தினால் ஏமாற்றுவது குறையும் என்றது 2008-இல் வந்த ஓர் ஆய்வு. பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து அதைத் திரும்பச் செய்து 2018-இல் வெளியிட்டபோது அப்படி எந்த விளைவும் கிடைக்கவில்லை. படிவத்தின் அடியில் போடும் கையெழுத்தை மேலேயே வாங்கிவிட்டால் உண்மையை எழுதுவார்கள் என்ற 2012 கட்டுரையோ 2021-இல் திரும்பப் பெறப்பட்டது, அதிலிருந்த கார் காப்பீட்டுத் தரவு இட்டுக்கட்டியது என்று வெளிவந்ததால். நேர்மையைப் பற்றிய ஆய்விலேயே இப்படி நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால், வேறு ஆய்வுக்கூடம் அதைச் செய்து பார்த்ததா, மூலத் தரவு எல்லோரும் பார்க்கும்படி வெளியாகியிருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டும் இல்லையென்றால் நான் அதை யாரிடமும் எடுத்துச் சொல்வதில்லை.