லண்டன் – பாரிஸ்: தொலைவும் பயண நேரமும்

கேள்வி: இரு நகரங்களுக்கும் இடையே 344 கி.மீ. என்று ஓரிடத்திலும், 460 கி.மீ. என்று மற்றோரிடத்திலும் காண்கிறேன். எது சரி?

பதில்: இரண்டுமே சரிதான். முன்னது நேர்கோட்டுத் தொலைவு. பின்னது இங்கிலாந்துக் கரையிலுள்ள ஃபோக்ஸ்டன் வரை சென்று, இரு நாடுகளுக்கும் இடையிலுள்ள கடலான ஆங்கிலக் கால்வாயைக் கடந்து, பிரெஞ்சுக் கரையிலுள்ள கலே வழியாகப் பாரிஸ் சேரும் சாலையின் தோராயமான நீளம். ரயில் பாதையோ லில் நகரப் பக்கமாகச் சுற்றிச் செல்வதால் ஏறத்தாழ 490 கி.மீ. இருக்கிறது. மூன்றிலும் நீளமான அந்தப் பாதையில்தான் பெரும்பாலும் சீக்கிரம் போய்ச் சேர்கிறோம்.

கேள்வி: விமானம் ஒன்றேகால் மணி நேரம், யூரோஸ்டார் ரயில் 2 மணி 20 நிமிடம் என்கிறார்கள். அப்படியானால் விமானம்தானே விரைவு?

பதில்: பயணச்சீட்டில் உள்ள நேரத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஹீத்ரோ விமான நிலையம் சென்று, இரண்டு மணி நேரம் முன்னதாகக் காத்திருந்து, பாரிஸ் மையத்திலிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளியுள்ள சார்ல் டி கோல் நிலையத்தில் இறங்கி, பெட்டிக்கு நின்று, நகருக்குள் வருவதற்குள் ஐந்து மணி நேரம் ஓடிவிடும். ரயில் புறப்படும் செயின்ட் பான்கிராஸும் அது சேரும் கார் து நோர் நிலையமும் நகருக்குள்ளேயே இருக்கின்றன. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷாப்பெல் பகுதிக்குக்கூட அங்கிருந்து நடந்தே போய்விடலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ரயிலுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகச் செல்ல வேண்டும். பிரெஞ்சு எல்லைக் காவலர் லண்டன் நிலையத்திலேயே கடவுச்சீட்டைச் சரிபார்த்துவிடுவதால், பாரிஸில் இறங்கியதும் வரிசையில் நிற்காமல் தெருவுக்கு வந்துவிடலாம். ஹீத்ரோவுக்கு அருகிலேயே குடியிருப்பவர்களுக்கு வேண்டுமானால் என் கணக்கு மாறலாம்.

கேள்வி: காலை 10 மணி ரயில் பிற்பகல் 1.20க்குச் சேரும் என்று சீட்டில் உள்ளதே?

பதில்: பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. திரும்பும்போது அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கே கிடைத்துவிடும்.

கேள்வி: ரயில் கால்வாயைக் கடக்கும் சுரங்கத்தில் கடலைப் பார்க்க முடியுமா என்று என் மகள் கேட்கிறாள்.

பதில்: முடியாது. கடலடித் தரைக்கும் கீழே குடைந்த பாதை அது. சன்னலில் அவள் முகம்தான் தெரியும். 1994இல் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கத்தின் நீளம் சுமார் 50 கி.மீ.; அதில் 38 கி.மீ. கடலுக்கு அடியில் உள்ளது. வெளியே மணிக்கு 300 கி.மீ. வரை ஓடும் ரயில், உள்ளே 160 கி.மீ. வேகத்துக்குக் குறைந்து, இருபது நிமிடத்தில் மறுகரை ஏறிவிடும்.

கேள்வி: சொந்தக் காரில் போகலாமா?

பதில்: நால்வராகவும் மூட்டைகளுடனும் செல்வோருக்கு அது ஏற்றதே. காரையே ஏற்றிச் செல்லும் ரயில் 35 நிமிடத்திலும், டோவர் கப்பல் ஒன்றரை மணி நேரத்திலும் கலே சேர்க்கும். எல்லாம் சேர்த்து ஆறு, ஏழு மணி நேரம் ஒதுக்குங்கள். இறங்கிய உடனே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முதல் சுற்றுச்சந்தியில் நிதானம் தேவை.